விளங்கிய பின்னரே அடுத்த பாடம்

52இலிருந்து 27ஐக் கழிக்கச் சொன்னால் 35 என்று எழுதும் பிள்ளையைக் கவனக்குறைவு என்று கடிந்துகொள்கிறோம். பிழை கவனத்தில் இல்லை. இரண்டிலிருந்து ஏழு போகாது என்று கண்ட பிள்ளை, ஏழிலிருந்து இரண்டைக் கழித்து ஐந்து எழுதியிருக்கிறது. ஐந்து பத்துகளுள் ஒன்றை அவிழ்த்துப் பத்து ஒன்றுகளாக்கலாம் என்னும் இடப்பெறுமானம் அதற்கு இன்னும் விளங்கவில்லை. பத்துப் பத்தாகக் கட்டிய ஈர்க்குக் கட்டுகளைக் கையில் கொடுத்து, ஒரு கட்டை அவிழ்க்கச் செய்து, பின்னர் அதையே படமாக வரையவைத்து, இறுதியிலேயே இலக்கத்துக்கு வந்தால் விளங்கும். அதற்குச் சில பாடவேளைகள் கூடுதலாகச் செல்லும். நாமோ மறுநாளே பெருக்கலுக்குப் போய்விடுகிறோம்.

தேர்ச்சி பெற்ற பின்னரே அடுத்த படி என்னும் இக்கொள்கையை 1968இல் அமெரிக்கக் கல்வி உளவியலாளர் பெஞ்சமின் புளூம் முறைப்படுத்தினார். போதிய காலமும் தக்க கற்பித்தலும் கிடைத்தால் பெரும்பாலான மாணவர் தேறுவர் என்பது அவர் துணிபு. பொருள், படம், குறியீடு என்ற வரிசையைச் சிங்கப்பூர் 1980களிலேயே தன் கணிதப் பாடத்திட்டத்தில் கொண்டுவந்தது.

நமக்கும் இது அந்நியமன்று. 1999இல் இலங்கை நாடெங்கும் நடைமுறைக்கு வந்த ஆரம்பக் கல்விச் சீர்திருத்தம், ஐந்து தரங்களை மூன்று முதன்மை நிலைகளாக வகுத்து, ஒவ்வொரு நிலையிலும் எல்லாப் பிள்ளைகளும் அடைய வேண்டிய அத்தியாவசியக் கற்றல் தேர்ச்சிகளை வரையறுத்தது. ஏட்டிலுள்ள அக்கொள்கையை ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சையின் நிழல் மூடிவிட்டது. திறமையான ஆசிரியரை ஐந்தாம் தரத்துக்கு ஒதுக்குவதும், 'பாடத்திட்டம் முடிந்ததா?' என்பதையே மேற்பார்வையின் முதற்கேள்வியாக்குவதும் அதன் விளைவுகள். சித்தியடைந்தோரின் படங்கள் பதாகையில் ஏறுகின்றன. கழித்தலில் நின்றுபோனவரைக் கணக்கெடுப்பார் எவருமிலர்.

இப்படி நின்றுபோகும் பிள்ளையின் இழப்பு, மலையகத்து வலப்பனையின் தேயிலைத் தோட்டப்புறத்தில் இரட்டிப்பாகிறது. இராகலையிலும் உடப்புசல்லாவையிலும் கொழுந்து பறிக்கும் தாய், கிலோவில் குறைந்தால் அரைப்பேர், அதாவது அரைநாள் கூலி, என்னும் கணக்கின்கீழ் வாழ்கிறாள். தராசின் நிறுவையையும் சம்பளச் சீட்டின் கழிவுகளையும் தானே கூட்டிப் பார்க்க வல்ல பிள்ளை அந்த வீட்டுக்கு எத்தகைய பாதுகாப்பு என்பதைத் தொழிற்சங்க மேடைகள் இன்னும் பேசத் தொடங்கவில்லை. வகுப்பில் தவறவிட்டதை மாலை வகுப்பில் ஈடுசெய்யும் வசதியும் லயத்துப் பிள்ளைக்கு அரிது.

ஆகவே, வலப்பனை வலயக் கல்வி அலுவலகம் முதலிரு தரங்களிலிருந்து தொடங்கட்டும். ஒரே ஆசிரியர் அவ்விரு ஆண்டுகளும் அதே வகுப்போடு இருக்கட்டும். அவ்விரு ஆண்டுகள் முடியுமுன் அவருக்கு இடமாற்றம் வேண்டாம். எத்தனை பாடம் முடிந்தது என்பதை விட்டு, எத்தனை பிள்ளைகள் இடப்பெறுமானம் தேறினர் என்று தவணைதோறும் அதிபரிடம் கேட்கட்டும். பின்தங்கியவருக்காக ஓர் ஆசிரியர் இரு வாரம் தாமதித்தால், அவரிடம் விளக்கம் கோரும் கடிதம் போகாதிருக்கட்டும்.