ஐஸ் வைக்கத் தெரியாதவர்

எனக்குத் தெரிந்து ஐஸ் மூன்று வகை. ஒன்று, ஸ்கூல் வாசலில் சைக்கிள் பெட்டியில் வந்த சேமியா ஐஸ். இரண்டு, கரும்பு ஜூஸ் கடைக்காரர் சாக்குக்குள் வைத்து உடைக்கிற ஐஸ். மூன்று, ஆபீஸில் மேனேஜருக்கு வைக்கிற ஐஸ். முதல் இரண்டும் தொண்டையைக் கட்டும். மூன்றாவது இன்கிரிமென்ட் வாங்கித் தரும்.

நாலாவதும் ஒன்று உண்டு என்பது, ஒரு ராத்திரி தூக்கம் வராமல் டி.வி.யில் சேனல் சேனலாக மேய்ந்தபோது தெரிந்தது. ஷூவுக்கு அடியில் கத்தியைக் கட்டிக்கொண்டு, பக்கத்துக்கு ஆறு பேர் ஐஸ் தரையில் பறக்கிறார்கள். பந்து கிடையாது. ஓட்டை போட மறந்த மெதுவடை மாதிரி கறுப்பாக ஒரு ரப்பர் வில்லை. அதை மட்டையால் விரட்டுகிறார்கள். வில்லை கிடைக்காதபோது ஆளை விரட்டுகிறார்கள். ஐஸ் ஹாக்கி! நமக்கு கிரிக்கெட் எப்படியோ, கனடாக்காரர்களுக்கு அது அப்படி.

''இதுக்கு நல்ல சம்பளம் குடுப்பாங்களாங்க?'' என்று தூக்கக் கலக்கத்தில் கேட்டுவிட்டு மனைவி திரும்பிப் படுத்துக்கொண்டாள். பி.காம். படித்தவனுக்கு இந்த ஒரு கேள்வி போதாதா? மேட்சை விட்டுவிட்டுக் கணக்கைத் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். (கோல் கணக்கு இல்லை சார், வரவு செலவுக் கணக்கு!)

படித்ததில் மேட்சைவிட அடிதடி அதிகம்.

*

1942 முதல் 1967 வரை என்.ஹெச்.எல். என்கிற அந்தப் பெரிய லீகில் ஆறே ஆறு அணிகள். மான்ட்ரியலும் டொரான்டோவும் கனடாவில். பாஸ்டன், நியூயார்க், டெட்ராய்ட், சிகாகோ அமெரிக்காவில். ஊர் எதுவானாலும் ஆடியவர்கள் அநேகமாக எல்லோரும் கனடாக்காரர்கள். மொத்தமே நூற்றுச் சொச்சம் வேலை. வெளியே நீளமாக க்யூ. ''பிடிக்கலைன்னா போய்யா'' என்று முதலாளி சொல்லலாம். ''போறேன்யா'' என்று ஆட்டக்காரர் சொல்ல முடியாது. கிளப் விட்டால்தான் வேறு கிளப்பில் ஆடலாம். சம்பளம் போதாமல், கோடையில் வேறு வேலைக்குப் போனவர்கள் ஏராளம்.

1947-ல் பென்ஷன் திட்டம் ஒன்று வந்தது. வருடத்துக்கு 900 டாலர் ஒவ்வொரு ஆட்டக்காரரும் கட்ட வேண்டும். கட்டினார்கள். அந்தப் பணம் எங்கே போகிறது, எவ்வளவு வட்டி, கடைசியில் கைக்கு என்ன வரும் என்று யாரும் கேட்கவில்லை.

ஒருத்தர் கேட்டார். டெட் லிண்ட்சே. டெட்ராய்ட் ரெட் விங்ஸ் அணியின் நட்சத்திரம். உயரம் ஐந்தடி எட்டு அங்குலம்தான். கோபம் ஆறரை அடி. 'பயங்கர டெட்' என்றே பட்டப்பெயர். 1950-லிருந்து 55-க்குள் நான்கு முறை ஸ்டான்லி கோப்பையைத் தூக்கியவர். ''கணக்குப் புத்தகத்தைக் காட்டுங்கள்'' என்பதுதான் அவர் கேட்டது. காட்டமாட்டோம் என்பதுதான் பதில்.

லிண்ட்சே சும்மா இருக்கவில்லை. மான்ட்ரியலின் டக் ஹார்வியைச் சேர்த்துக்கொண்டு மற்ற அணிக்காரர்களிடம் ரகசியமாகப் பேசி, 1957 பிப்ரவரியில் 'ஆட்டக்காரர்கள் சங்கம்' என்று அறிவித்தார். ஐஸ் மேல் எதிரிகள், ஐஸுக்கு வெளியே ஒரே சங்கம்!

அந்த சீசனில் லிண்ட்சே எடுத்தது 30 கோல், கோலுக்குக் கைகொடுத்தது 55. இரண்டையும் கூட்டினால், அவர் ஆடிய வருடங்களிலேயே அதிகபட்சம். நம் ஆபீஸாக இருந்தால் 'சிறந்த ஊழியர்' என்று சுவரில் போட்டோ மாட்டியிருப்பார்கள். டெட்ராய்ட் மேனேஜர் ஜாக் ஆடம்ஸ் வேறு மாதிரி கௌரவித்தார். 1957 ஜூலையில் லிண்ட்சேயைச் சிகாகோவுக்குத் தள்ளிவிட்டார். அப்போது கடைசி இடத்தில் இருந்த அணி சிகாகோ. பாக்கிப் பேருக்குச் செய்தி புரிந்துவிட்டது.

(ஹார்வியையும் விட்டுவைக்கவில்லை. 1961-ல் அவரை மான்ட்ரியல் நியூயார்க்குக்கு அனுப்பியது. அங்கே போய் அவர் செய்த காரியம், அடுத்த வருடமே லீகின் சிறந்த தடுப்பாட்டக்காரர் பரிசை ஏழாவது முறையாக வாங்கியது!)

நவம்பரில் சங்கம் உடைந்தது. முதலில் விலகிய அணி எது தெரியுமா? லிண்ட்சே ரத்தம் சிந்திய அதே டெட்ராய்ட். விலகியவர்களில் முக்கியமான ஆள், லிண்ட்சேயோடு வருஷக்கணக்காக ஒரே வரிசையில் ஆடிய கார்டி ஹவ். அந்தக் காலத்து ஐஸ் ஹாக்கியின் சச்சின் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

*

ஹவ் கெட்டவர் இல்லை. சாது. சஸ்காச்சுவான் மாகாணத்து ஏழைக் குடும்பத்துப் பையன். 1946-ல் டெட்ராய்ட்டுக்கு ஆட வந்தார். வருடா வருடம் நிர்வாகம் அணியிலேயே அவருக்குத்தான் அதிகச் சம்பளம் என்று சொல்லும். அவரும் நம்பிக் கையெழுத்துப் போடுவார். இப்படி இருபது வருடத்துக்கு மேல்.

1960-களின் கடைசியில் பாபி பான் என்று ஒருத்தர் அந்த அணிக்கு மாறி வந்தார். நல்ல ஆட்டக்காரர்தான், ஆனால் ஹவ் பக்கத்தில் நிறுத்த முடியாது. பேச்சுவாக்கில் சம்பளக் கதை வந்தது. பான் தன் சம்பளத்தைச் சொல்ல, ஹவ்வுக்குத் தலை சுற்றியது. நேற்று வந்தவருக்கு அவரைவிடக் கூடுதல்! விசாரித்தால் அணியில் ஹவ்வுக்கு மூன்றாவது இடமாம்.

ஹவ் நேரே முதலாளியிடம் போய் ஒரு லட்சம் டாலர் கேட்டார். கொடுத்துவிட்டார்கள். பேரம்கூடப் பேசவில்லை. சார், இதைவிடக் கொடுமை உண்டா? கேட்ட உடனே கொடுக்கிறார்கள் என்றால், கேட்காத வருடமெல்லாம் என்ன கணக்கு?

இதைப் படித்தபோது எனக்கு உள்ளுக்குள் சுருக் என்றது. காரணம், நானும் ஒரு காலத்தில் ஹவ்தான். ஆட்டத்தில் அல்ல, வாயை மூடிக்கொண்டு இருந்ததில்.

படித்து முடித்த கையோடு ஒரு கம்பெனியில் மூன்று வருடம் அக்கவுன்ட்ஸில் இருந்தேன். பெயர் வேண்டாம். பக்கத்து சீட் நண்பன் ஒருநாள், ''நம்மகிட்ட பி.எஃப். புடிக்கிறாங்களே, ஒழுங்கா கட்டறாங்களாடா?'' என்று கேட்டான். என்னிடம் கேட்டதோடு நிறுத்தியிருக்கலாம். மேனேஜரிடமும் கேட்டான். மேனேஜர் என்னைக் கூப்பிட்டு, ''உனக்கும் அந்த சந்தேகம் இருக்கா தம்பி?'' என்றார். ''எனக்கா... இல்ல சார்'' என்றேன். அடுத்த வாரம் நண்பனை ஊருக்கு வெளியே இருந்த குடோனுக்கு மாற்றினார்கள். எனக்கு முந்நூறு ரூபாய் இன்கிரிமென்ட் வந்தது. அந்தப் பணத்தில் அவனுக்கே பிரியாணி வாங்கிக் கொடுத்தேன். சாப்பிட்டான், ஒன்றும் சொல்லவில்லை.

*

1967-ல் ஆட்டக்காரர்களுக்கு மறுபடி ஒரு சங்கம் வந்தது. இந்த முறை தலைமைக்கு ஒரு வக்கீல், ஆலன் ஈகிள்சன். பாபி ஓர் என்ற அதிசயப் பையனின் ஏஜென்ட்டும் அவர்தான்.

பாரி சவுண்ட் என்ற சின்ன ஊரில் பிறந்த ஓரை, 14 வயதிலேயே பாஸ்டன் அணி கையெழுத்து வாங்கி வளைத்துப் போட்டது. அதற்கு ஈடாகக் கொடுத்ததில், வீட்டுச் சுவருக்குப் புதுப் பூச்சும் ஒரு பழைய காரும் அடக்கம்! 18 வயதில் பாஸ்டனுக்காக இறங்கினார். தொடர்ந்து எட்டு வருடம் சிறந்த தடுப்பாட்டக்காரர் பரிசு. ஆனால், முழங்கால் போய்விட்டது. 1976-ல் பாஸ்டனை விட்டு சிகாகோ போனார். அங்கே ஆடியது 26 ஆட்டம்தான். 30 வயதில் ஓய்வு.

பிறகு அவருக்குத் தெரிந்தது: பாஸ்டன் அவரைத் தக்கவைத்துக்கொள்ள கிளப்பிலேயே 18.5 சதவிகிதப் பங்கு தருவதாகச் சொல்லியிருந்தது. அதை ஈகிள்சன் அவரிடம் சொல்லவேயில்லை. ஓய்வுக்குப் பின் கணக்குப் பார்த்தால், கடனும் வரியும் சேர்த்துச் சொத்தைவிட அதிகமாக நின்றது. முழங்காலை டாக்டரிடம் காட்டியவர், கணக்கை வேறொரு ஆடிட்டரிடம் காட்டாமல் விட்டார்.

ஈகிள்சனை மடக்கக் கிளம்பியவர் கார்ல் ப்ரூவர். டொரான்டோ தடுப்பாட்டக்காரர். கையுறையின் உள்ளங்கைப் பக்கத்தைக் கத்தரித்துவிட்டு, நடுவருக்குத் தெரியாமல் எதிராளியின் சட்டையைப் பிடித்து நிறுத்துவாராம். அப்படிப்பட்ட பிடிவாதக்காரர், ரிட்டயரான பிறகு பென்ஷன் கணக்கைப் பிடித்துக்கொண்டார்.

விஷயம் இதுதான். பென்ஷன் நிதிக்கு இத்தனை சதவிகிதம் வட்டி வரும் என்று முதலில் ஒரு அனுமானம் போடுவார்கள். 1980-களின் தொடக்கத்தில் வட்டி விகிதம் எகிறியதில் அனுமானத்துக்கு மேல் உபரி குவிந்தது. அந்த உபரி யாருக்கு? பணம் கட்டி ஆடி முடித்தவர்களுக்கா, லீகுக்கா? லீக் அதைத் தன் பங்குக்கு ஈடுகட்டவும், அப்போது ஆடிக்கொண்டிருந்தவர்களின் சலுகைக்கும் எடுத்துக்கொண்டது.

1991-ல் ஏழு பழைய ஆட்டக்காரர்கள் கோர்ட்டுக்குப் போனார்கள். அந்த ஏழு பேரில் ஒரு பெயரைப் பார்த்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். கார்டி ஹவ்! 1957-ல் விலகியவர், 34 வருடம் கழித்து, கணக்கைக் காட்டு என்று கேட்டவர்கள் பக்கம் வந்து நின்றார்.

1992-ல் ஒன்டாரியோ நீதிமன்றம், உபரி முழுக்க ஆட்டக்காரர்களுக்கே சொந்தம் என்றது. 1994-ல் உச்ச நீதிமன்றம் மேல்முறையீட்டை ஏற்க மறுத்தது. வட்டியோடு நான்கு கோடி டாலருக்கு மேல் திரும்பி வந்தது. ஈகிள்சன் மோசடிக் குற்றங்களை ஒப்புக்கொண்டு 1998-ல் சிறைக்குப் போனார்.

லிண்ட்சே? 1966-ல் அவரைப் புகழ் மண்டபத்தில் சேர்த்தார்கள். விருந்துக்கு ஆண்கள் மட்டும் என்றார்கள். மனைவியும் பிள்ளைகளும் வரக்கூடாதென்றால் நானும் வரவில்லை என்று இருந்துவிட்டார். அடுத்த வருடம் விதியை மாற்றினார்கள். கடைசிவரை அவருக்கு ஐஸ் மேல் நிற்கத் தெரிந்தது, ஐஸ் வைக்கத் தெரியவில்லை.

அவர் அன்று தொடர்ந்த வழக்கு 1958-ல் சமரசமானபோது கிடைத்தது, வருடத்துக்கு 7,000 டாலர் குறைந்தபட்சச் சம்பளம். 2025-26 சீசனில் அதே லீகின் குறைந்தபட்சம் 7 லட்சத்து 75 ஆயிரம் டாலர். 2010 முதல், ஆட்டக்காரர்களே ஓட்டுப்போட்டுத் தேர்ந்தெடுக்கும் சிறந்த ஆட்டக்காரருக்கான பரிசுக்கு லிண்ட்சே பெயர். 2019-ல் 93 வயதில் காலமானார்.

*

இப்போது பி.எஃப். பாஸ்புக் செல்போனிலேயே வருகிறது. மாதா மாதம் கட்டினார்களா என்று டீ ஆறுவதற்குள் பார்த்துவிடலாம். போன வாரம்தான் எனக்குத் தைரியம் வந்தது. அந்த மூன்று வருடக் கணக்கைத் திறந்தேன். ஐந்து மாதத்துக்கு என்ட்ரியே இல்லை.

நண்பனுக்குப் போன் போட்டேன்.

''நீ கேட்டது சரிதான்டா'' என்றேன்.

''எது?''

''பி.எஃப்.''

கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு சிரித்தான். ''டேய், என்னோடதை நான் அன்னிக்கே எழுதிப் போட்டு வாங்கிட்டேன். அந்த லெட்டர்ல உன் பேரையும் சேர்க்கட்டுமான்னு கேக்கலாம்னு இருந்தேன்... நீதான் பிரியாணியில பிஸியா இருந்தியே!''