யானை எது என்று முதலில் பேசிக்கொள்வோம்

1997-ல் உலகச் சதுரங்கச் சாம்பியனைத் தோற்கடித்த கணினி எது? பாறசாலையிலோ நெய்யாற்றின்கரையிலோ பி.எஸ்.சி. தேர்வுக்குப் படிக்கிற பிள்ளையைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ‘டீப் புளூ’ என்று சொல்லிவிடும். ஒற்றைவரிக் கையேடுகளோடு எனக்குள்ள பிணக்கு இந்தப் பத்தியைத் தொடர்ந்து படிப்பவர்களுக்குப் பழையதுதான். இந்த வாரம் அது மறுபடி கிளம்பிவிட்டது. விடை சரி. ஆனால் எந்த நிபந்தனைகளில் ஜெயித்தது என்பதை அந்த விடை விழுங்கிவிடுகிறது.

1996-ல் பிலடெல்பியாவில் நடந்த முதல் மோதலில் அந்தச் சாம்பியன், காஸ்பரோவ், டீப் புளூவை 4-2 என்று ஜெயித்தார். அடுத்த ஆண்டு மே மாதம் நியூயார்க்கில் 2½-3½ என்று தோற்றார். இடையில் ஐ.பி.எம். இயந்திரத்தை வெகுவாக மாற்றியிருந்தது. காஸ்பரோவ் அதுவரை ஆடிய போட்டி ஆட்டங்கள் எதிரணியின் கையில் இருந்தன. ஜோயல் பெஞ்சமின், மிகேல் இயெஸ்காஸ் போன்ற கிராண்ட்மாஸ்டர்கள் இயந்திரத்தைத் தயார்படுத்தினார்கள். புதிய இயந்திரத்தின் ஆட்டங்களைக் கேட்ட காஸ்பரோவுக்கு ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. கடைசி ஆட்டத்தில், எட்டாவது நகர்த்தலில் இயந்திரம் குதிரையைப் பலிகொடுத்தது. 19 நகர்த்தல்களில் கதை முடிந்தது. அந்தப் பலியை அன்று காலையில்தான் தொடக்க நகர்த்தல் தொகுப்பில் சேர்த்தோம் என்று இயெஸ்காஸ் பின்னாளில் ஒரு பேட்டியில் சொன்னார். அப்படியானால் அந்தக் குதிரையை நகர்த்தியது யார்?

காஸ்பரோவ் ஒப்புக்கொண்டுதானே ஆடினார் என்பார்கள். ஆம், அவர் ஒப்புக்கொண்டதால் போட்டி செல்லும். ஆனால் அது எதை அளந்தது என்ற கேள்விக்கு அது பதிலாகாது. மனிதர்களும் தயாரிப்பை ஒளிக்கிறார்களே என்பது இதைவிட வலுவான மறுப்பு. 2024-ல் சிங்கப்பூரில் நடந்த உலகச் சாம்பியன் போட்டியில் குகேஷும் டிங் லிரெனும் தயாரித்து வைத்ததை ஒருவருக்கொருவர் காட்டவில்லைதான். ஆனால் இருவரும் முன்பு ஆடிய ஆட்டங்கள் யார் வேண்டுமானாலும் எடுத்துப் படிக்கக் கிடைத்தன. அவர்கள் ஒளித்தது புது நகர்த்தல்களை. நியூயார்க்கில் ஒளிக்கப்பட்டது ஆட்டக்காரரே. நிபந்தனை மாறினால் முடிவு எப்படி மாறும் என்பதற்கு நம் ஆனந்தே சாட்சி. 1998-ல் இத்தாலியின் இஸ்கியாவில் அவர் ரெபெல் 10 நிரலோடு ஆடினார். மொத்தக் கணக்கில் ரெபெல் 5-3. ஐந்து நிமிட ஆட்டங்களில் ரெபெல் 3-1 என்று முந்தியது. ஆனால் நிதானமாக யோசிக்க நேரமிருந்த இரண்டு நீண்ட ஆட்டங்களில் ஆனந்த் 1½-½.

நிபந்தனைகளை முதலில் பேசிக்கொள்ள வேண்டும் என்பது தமிழ்-மலையாள எல்லையோரத்து மக்களுக்கு எளிதில் புரியும். தமிழ்ப் பேச்சில் மூலையில் நின்று நேர்கோட்டில் போகிற காய்தான் யானை. மலையாளத்தில் அந்த இடத்தில் நிற்பது தேர். ‘ஆன’ குறுக்கே போகும். இரண்டு வீட்டுப் பிள்ளைகள் ஒரே பலகை முன் உட்கார்ந்தால், யானை எது என்று பேசி முடித்த பிறகே காயைத் தொட முடியும். 2002-ல் பஹ்ரைனில் அப்படித்தான் செய்தார்கள். டீப் ஃபிரிட்ஸ் நிரலைப் போட்டிக்கு முன்பே மாற்றாமல் நிறுத்தி, அதன் பிரதியை எதிர்த்து ஆடவிருந்த கிராண்ட்மாஸ்டர் கிராம்னிக் பல மாதம் பழகக் கொடுத்தார்கள். முடிவு 4-4. மனிதனுக்கு அளவுமீறிய சலுகை என்று சிலர் குறைப்பட்டார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அவருடைய ஆட்டங்களை மறுதரப்பும் பல ஆண்டுகளாகப் பார்த்துக்கொண்டுதானே இருந்தது? 2006-ல் பான் நகரிலும் அவருக்கு முன்கூட்டியே பிரதி கிடைத்தது. அங்கே இரண்டாவது ஆட்டத்தில், அடுத்த நகர்த்தலிலேயே விழவிருந்த செக்மேட்டைக் கவனிக்காமல் தோற்றார். போட்டியும் 2-4 என்று போயிற்று. பிழை யாருடையது என்று அவருக்கும் தெரிந்தது, பார்த்தவர்களுக்கும் தெரிந்தது.