'நீயே சுத்திக்கோ' என்கிறவர்களுக்கு

வடசென்னையின் காசிமேட்டில் ஐஸ் உடைக்கிற இடத்துக்குப் பின்னாலோ, திருவொற்றியூரில் பூட்டிக் கிடக்கிற ஏதாவது கம்பெனிச் சுவரோரமோ கஞ்சா பற்றிப் பேச்சு வந்தால் இந்த அறிவுரை தவறாமல் காதில் விழும். "அடைச்சு விக்கிற சிகரெட்டு வாங்காத மச்சான். உள்ள என்னாத்தப் போட்டு வெச்சிருக்கானோ, யாருக்குத் தெரியும்? பொட்டலத்த வாங்கி நீயே சுத்திக்கோ." சொல்கிறவர் வயதில் மூத்தவராக இருப்பார். கேட்கிறவன் பிளஸ் டூ முடித்தும் முடிக்காதவன். அக்கறையோடு சொல்வதால் அவனிடம் அது எடுபடுகிறது. ரோலிங் பேப்பரும் காலிக் கோனும் பெட்டிக்கடையிலேயே கிடைப்பதால் கடைப்பிடிக்கவும் சுலபம். அக்கறையைச் சந்தேகிக்கவில்லை. அதோடு வருகிற வாதங்கள்தான் ஒன்றுகூட நிற்கவில்லை.

முதலில் கலப்படம். உதிர்த்துப் பார்த்தால் சரக்கு எப்படி என்று தெரிந்துவிடுமாம். விதை தெரியும், காம்பு தெரியும், அதை ஒப்புக்கொள்கிறேன். அரிசியில் கல் பொறுக்குகிற நிதானத்தோடு நகத்தால் விதை பொறுக்குகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். பூச்சிமருந்து அப்படி நகத்தில் சிக்காது. பூஞ்சையின் நுண்தூள் கண்ணுக்குத் தெரியாது. வீரியம் எவ்வளவு என்பதை முகர்ந்து பார்த்துச் சொல்ல எவராலும் முடியாது. இங்கே வருகிற சரக்கில் பெரும்பங்கு ஆந்திர-ஒடிசா எல்லை மலைகளில் விளைந்தது. அதைக் கட்டியாக அழுத்தி, பழுப்பு டேப் சுற்றி, ரயிலிலும் லாரியிலும் கொண்டுவருகிறார்கள். கூடூரிலிருந்து வருகிற ரயில் தடம் கும்மிடிப்பூண்டி, மீஞ்சூர், எண்ணூர், திருவொற்றியூர் என்று நம் கொல்லைப்புறமாகத்தான் போகிறது. வழியில் எங்கே நனைந்தது, எத்தனை கை மாறியது என்பது கடைசியில் பொட்டலம் நீட்டுகிறவனுக்கே தெரியாது. சுற்றுவது ஐந்து நிமிட வேலை. அதற்கு முந்தைய நூற்றுக்கணக்கான கிலோமீட்டரை அது எப்படிச் சரிசெய்யும்?

இந்த அறிவுரை எந்த ஊர்ச் சரக்கு என்பதிலும் எனக்குச் சந்தேகம் உண்டு. கனடாவில் 2018 அக்டோபர் 17 முதல் கஞ்சா சட்டப்படி கடையில் விற்கிறது. போதை தருகிற டிஹெச்சி எவ்வளவு என்று லேபிளில் போட்டிருக்கும். உரிமம் பெற்ற நிறுவனம் பரிசோதனை முடித்துத்தான் விற்க வேண்டும். சுற்றியதை வாங்கலாமா, பூவாக வாங்கிச் சுற்றலாமா என்று அங்கே ஒருவர் யோசித்தால் அது விலையும் ருசியும் பற்றிய யோசனை. அதை யூடியூபில் பார்த்துவிட்டுத் தண்டையார்பேட்டையில் பாதுகாப்பு ஆலோசனையாகச் சொல்கிறார்கள். இங்கே அடைத்த சிகரெட்டும் பொட்டலமும் ஒரே மூட்டையிலிருந்து பிரிந்தவை.

"நானே சுத்துனா புகையில கலக்க மாட்டேன்" என்பது அடுத்த வாதம். இங்கே நடப்பது நேர்மாறு. சிகரெட்டை விரலிடுக்கில் உருட்டி, புகையிலையை உள்ளங்கையில் கொட்டி, அதில் கொஞ்சத்தைச் சரக்கோடு கலந்துதான் பெரும்பாலும் சுற்றுகிறார்கள். சீராக எரியும், பொட்டலமும் கூடுதலாக இரண்டு நாள் வரும். கஞ்சாவை எப்போது வேண்டுமானாலும் விட்டுவிடுவேன் என்று சொல்கிறவன் இப்படித்தான் நிகோடினிலும் மாட்டிக்கொள்கிறான்.

கலக்காமலே சுற்றினாலும் எரிவது இலைதழைதான், தாரும் கார்பன் மோனாக்சைடும் வரத்தான் செய்யும். அமெரிக்காவில் நுரையீரல் மருத்துவர் டொனால்ட் டாஷ்கின் குழு 1988இல் இதை அளந்து பார்த்தது. சிகரெட்டோடு ஒப்பிட்டால் கஞ்சா புகைக்கும்போது ரத்தத்தில் கார்பன் மோனாக்சைடு ஏறுவது ஏறக்குறைய 5 மடங்கு, உள்ளே போகிற தார் சுமார் 3 மடங்கு என்று கண்டார்கள். ஆழமாக இழுத்து நெஞ்சில் பிடித்து வைக்கிற பழக்கமும் வடிகட்டி இல்லாததும் அதற்கு முக்கியக் காரணங்கள். அதே டாஷ்கின் பிற்பாடு நுரையீரல் புற்றுநோயோடு தொடர்பு தேடியபோது அவருக்கு அது கிடைக்கவில்லை. இதையும் சொல்லாமல் விட்டால் நான் பிரச்சாரம் செய்கிறவன் ஆகிவிடுவேன். நாள்பட்ட இருமலும் சளியும் வருவது மட்டும் திரும்பத் திரும்பப் பதிவாகியிருக்கிறது. கையால் சுற்றினால் கேடு குறையும் என்கிறவர்கள் பீடியும் கையால் சுற்றுவதுதான் என்பதை மறந்துவிடுகிறார்கள்.

எங்கள் பக்கத்துக்கே உரிய ஒரு பதில் உண்டு. "மணலி ரீஃபைனரி, வல்லூர் பவர் பிளான்ட் சாம்பல், லாரிப் புகை, எல்லாத்தையும் குடிச்சுட்டுத்தானே கெடக்கோம், இதுல என்னா வரப்போவுது?" இந்தக் கோபத்தில் நியாயம் இருக்கிறது. 2023 டிசம்பரில் வெள்ளத்தோடு எண்ணெய் வந்து எண்ணூர் முகத்துவாரத்தை மூடியது. அது வடியும் முன்பே, அதே மாதம் 26ஆம் தேதி இரவு உரத் தொழிற்சாலையின் கடலடிக் குழாயில் அமோனியா கசிந்து பெரியகுப்பம் மக்கள் வீட்டைவிட்டு ஓடினார்கள். இந்தக் காற்றுக்கு யார் பொறுப்பு என்று கேட்க நமக்கு முழு உரிமை உண்டு. ஆனால் ஏற்கெனவே அடிபட்ட நுரையீரல் இன்னொரு அடியைத் தாங்கும் என்று இதிலிருந்து எப்படி வருகிறது? தாங்காது என்றல்லவா வர வேண்டும்!

சட்டம் பற்றிய கதைதான் இளைஞர்களை அதிகம் ஏமாற்றுகிறது. சுற்றி வைத்திருந்தால் வியாபாரி கேஸ், தாள் தனியாகவும் பொட்டலம் தனியாகவும் இருந்தால் சின்ன கேஸ் என்கிறார்கள். 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தில் அப்படி ஒரு பிரிவே இல்லை. 20ஆவது பிரிவு வைத்திருப்பது, வாங்குவது, விற்பது, கொண்டுபோவது, பயன்படுத்துவது எல்லாவற்றையும் ஒரே வரிசையில் வைக்கிறது. தண்டனை எடையைப் பொறுத்தது. கஞ்சாவுக்கு 1 கிலோ வரை சிறிய அளவு, அதற்கு ஓராண்டு வரை கடுங்காவல் அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும். 20 கிலோவைத் தாண்டினால் வணிக அளவு, குறைந்தது பத்தாண்டு. கலந்த பொருளின் எடையையும் சேர்த்தே கணக்கிட வேண்டும் என்று ஹீரா சிங் வழக்கில் 2020இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஒரு பொட்டலத்துக்கு இதனால் பெரிய வித்தியாசம் வராது. தெருவுக்கே பொதுவாக வாங்கி ஒரே பையில் வைத்திருக்கிறவருக்கு வரலாம். விற்கிறவர் என்று முத்திரை விழுந்தால் 1982ஆம் ஆண்டின் குண்டர் சட்டமும் காத்திருக்கிறது. அதில் ஓராண்டு வரை உள்ளே வைக்கலாம்.

சின்ன கேஸ் என்பதும் நீதிமன்றத்தில்தான் சின்னது. ராயபுரத்துப் பையன் துறைமுகத்தின் ஜீரோ கேட்டுக்குள் வேலைக்குப் போக வேண்டும், கப்பலேற வேண்டும், பாஸ்போர்ட் எடுக்க வேண்டும் என்றால் ஒவ்வொரு வாசலிலும் போலீஸ் சரிபார்ப்பு வந்து நிற்கும். கப்பலில் சிறுநீர்ப் பரிசோதனை வேறு. அதில் தெரிவது உடம்பில் இருக்கிறதா இல்லையா என்பது மட்டும், யார் சுற்றியது என்பதல்ல.

"வெள்ளைக்காரன் கமிஷனே தப்பில்லன்னு சொல்லிட்டான்" என்று படித்தவர்கள் சிலர் சொல்வார்கள். 1893-94இல் அமர்ந்த இந்தியச் சணல் போதைப்பொருள் ஆணையம் முழுத் தடை வேண்டாம் என்றது உண்மை. மிதமாகப் பயன்படுத்துவதற்கும் அளவு மீறுவதற்கும் நடுவே அது கோடு போட்டது. மீறினால் கேடு என்றும் சேர்த்தே எழுதியது. தினமும் வீரியம் தெரியாத சரக்கை இழுக்கிற பதினெட்டு வயதுக்காரன் அந்தக் கோட்டின் எந்தப் பக்கம் நிற்கிறான் என்பதை அவர்களே சொல்லட்டும்.

காசு மிச்சம் என்கிற வாதத்துக்கு நான் பதில் சொல்லப்போவதில்லை, அது உண்மை. மிச்சமாகிற காசு அடுத்த பொட்டலத்துக்குப் போகிறது என்பதும் உண்மை.

பயத்தில் சிகிச்சைக்குப் போகாமல் இருக்கிறவர்களுக்கு ஒரு தகவல். அதே சட்டத்தில் 64ஏ என்று ஒரு பிரிவு இருக்கிறது. சிறிய அளவு வைத்திருந்ததாகவோ பயன்படுத்தியதாகவோ வழக்கில் சிக்கிய அடிமைப்பட்டவர், அரசு அல்லது அரசு அங்கீகரித்த மையத்தில் தானாக முன்வந்து சிகிச்சையை முழுமையாக எடுத்துக்கொண்டால் அந்த வழக்கிலிருந்து விலக்குப் பெறலாம். பாதியில் விட்டால் விலக்கும் போய்விடலாம். எங்கே போவது என்று கேட்க தேசிய போதை மீட்பு உதவி எண் 14446, கட்டணம் கிடையாது.