நாங்கள் என்ன எலியா?

“புதிய மருந்து ஒன்றைச் சோதிக்கிறோம். சேருகிறீர்களா?” என்று டாக்டர் கேட்டால், நம் வீட்டில் என்ன சொல்வார்கள்?

“நாங்கள் என்ன எலியா?” என்பார்கள்.

இந்தப் பயத்தைக் கேலி செய்யக் கூடாது. காரணம் உண்டு.

அமெரிக்காவில், டஸ்கிகி என்ற ஊரில், 1932-ம் ஆண்டு ஓர் ஆராய்ச்சி தொடங்கியது. மேக நோய் கண்ட சுமார் 400 கறுப்பின ஆண்களை அதில் சேர்த்தார்கள். என்ன நோய் என்றே அவர்களிடம் சொல்லவில்லை. நோயைத் தீர்க்கும் பெனிசிலின் வந்த பிறகும் அதைக் கொடுக்கவில்லை. 1972 வரை இந்தக் கொடுமை நடந்தது.

ஆனால், நம் சென்னையில் நடந்த கதை வேறு.

அப்போது காசநோய் என்றால் சானடோரியத்தில் படுக்க வேண்டும். படுக்கையோ போதாது. வீட்டிலேயே மருந்து கொடுத்தால் என்ன?

1956-ல் சேத்துப்பட்டில் இதைச் சோதித்தார்கள். 193 நோயாளிகள் சேர்ந்தார்கள். பெரும்பாலும் ஏழைகள். சீட்டுக் குலுக்குவதுபோல் இரண்டு பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவு வீட்டில், மற்றொன்று சானடோரியத்தில். இருவருக்கும் ஒரே மருந்து, ஓராண்டு.

1959-ல் முடிவு வெளிவந்தது. வீட்டில் இருந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவு குணம் அடைந்தார்கள்! உலகமே அதைப் பின்பற்றியது. இன்று காசநோயாளிகள் பெரும்பாலோர் பிள்ளை குட்டிகளோடு வீட்டிலிருந்தே மருந்து சாப்பிடுகிறார்கள். அந்த ஏழைகள் சம்மதித்ததால் வந்த நன்மை இது.

பயம் மட்டும் தடை அல்ல. ஒரு நாள் ஆஸ்பத்திரிக்குப் போனால், ஒரு நாள் கூலி போகும். பஸ் செலவு வேறு. பலரிடம் “சேருகிறீர்களா?” என்று யாரும் கேட்பதே இல்லை.

நம் நாட்டில் 2019-ம் ஆண்டு விதிகள் இருக்கின்றன. புரியும் மொழியில் விளக்க வேண்டும். எழுத்து மூலம் சம்மதம் பெற வேண்டும். எப்போது வேண்டுமானாலும் விலகலாம். சோதனையால் தீங்கு நேர்ந்தால் இலவச சிகிச்சையும் நஷ்டஈடும் தர வேண்டும்.

டாக்டர்களே! காகிதத்தை நீட்டி, “இங்கே கைநாட்டு வை” என்பது சம்மதம் ஆகாது. உட்கார வைத்துச் சொல்லுங்கள். போன கூலியை ஈடு கட்டுங்கள்.

வாசகர்களே! நீங்களும் கேளுங்கள். என்ன மருந்து? என்ன ஆபத்து? தீங்கு வந்தால் யார் பொறுப்பு? பதில் திருப்தி இல்லையா? எழுந்து வந்து விடுங்கள். திருப்தியா? வீட்டாரோடு கலந்து பேசி முடிவு செய்யுங்கள்.

கேட்காமலே “மாட்டேன்” என்று மட்டும் சொல்லாதீர்கள். நாளை உங்கள் குழந்தைக்கு வேண்டிய மருந்தையும் யாராவது முதலில் சாப்பிட்டுப் பார்த்தாக வேண்டும்.