கிபிரும் சிக்கனமும்

பழைய பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசிப் பாவித்தல் அடுக்களைச் சிக்கனம். அதே நியாயத்தைப் போர்விமானத்துக்கும் ஏற்றிப் பேசுவோர் நம்மிடையே உளர். புதிய விமானம் வாங்க வசதியில்லை, ஆதலின் பழைய கிபிரைப் புதுப்பித்தலே மலிவு என்பது அவர்தம் வாதம். இவ்வாதம் பொய்க்கணக்கில் எழுந்தது.

ஐந்து கிபிர் விமானங்களைப் புதுப்பிக்க 2021 யூனில் இஸ்ரேலிய நிறுவனமொன்றுடன் 5 கோடி அமெரிக்க டொலர் பெறுமதியான உடன்படிக்கை கைச்சாத்தாயிற்று. பத்து மாதங்கள் கழிந்து, 2022 ஏப்பிரலில், வெளிநாட்டுக் கடனைக் கட்ட இயலாதென அரசு அறிவித்தது. மருந்துக்கும் எரிபொருளுக்கும் டொலர் இல்லை. வத்தளையில் நாம் எரிவாயு உருளையுடன் வரிசையில் நின்றோம். கிபிர் ஒப்பந்தமோ கைவிடப்படவில்லை.

அந்த 5 கோடியும் முழுச் செலவன்று. ஓர் ஆயுதத்தின் வாழ்நாட் செலவில் ஏறத்தாழ நூற்றுக்கு எழுபது பங்கு, அதனை இயக்கிப் பராமரிப்பதற்கே போய்விடும் என்பது அமெரிக்க அரச கணக்காய்வாளரின் மதிப்பீடு. கிபிரின் ஜே-79 இயந்திரம் 1950களில் உருவானது. அதே இயந்திரத்தால் பறந்த ஸ்டார்ஃபைட்டர் ஓய்வுபெற்றுவிட்டது, ஃபான்டமும் அருகிவிட்டது. இஸ்ரேலிய விமானப்படையே தன் கிபிர்களை 1990களில் கைவிட்டது. உதிரிப்பாகம் அருகிய சந்தையில் விற்பவன் சொன்னதே விலை. விமானியின் முன் புதிய மின்னணுத் திரைகளைப் பொருத்தலாம். அதனால் இயந்திரத்தின் வயது குறைந்துவிடாது. மேலும், சோதனை மேடை, தனிக் கருவிகள், களஞ்சியம், பயின்ற பொறியியலாளர் யாவும் ஐந்து விமானங்களுக்காயினும் வேண்டும். ஐம்பது விமானங்கள் உள்ள நாட்டிலே அச்செலவைப் பங்கிட்டுக்கொள்ள ஏனைய நாற்பத்தைந்து உண்டு. இங்கே இல்லை.

வேலை இங்கேயே நடைபெறுவதால் நம்மவர்க்குத் தொழில்நுட்பம் கிட்டும் என்பர். கிட்டட்டும். உலகம் ஒதுக்கிவிட்ட இயந்திரத்தின் நுட்பத்தைக் கற்று அதனை எங்கே பயன்படுத்துவது?

யுத்தம் 2009இல் முடிந்தது. 'கிபிர்' என்ற சொல் கேட்டதும் வன்னியிற் பதுங்குகுழிக்குள் பாய்ந்த சிறுவர் இன்று நம் விரிவுரை மண்டபங்களில் அமர்ந்திருக்கின்றனர். அவர்தம் கணக்கில் டொலரால் எழுதவியலாத பத்தியும் உண்டு. அதனை இங்கே விரிக்கேன்.

நியூசிலாந்தும் கடல் சூழ்ந்த நாடே. அது 2001இல் தன் ஸ்கைஹோக் படையணிகளைக் கலைத்து, போர்விமானமின்றி வாழ்கிறது. நமது கடலிற் கள்ளக்கடத்தலையும் அத்துமீறிய மீன்பிடியையும் கண்காணிக்க, இந்தியா 2022 ஓகஸ்டில் தந்த டோர்னியர் போன்ற மெதுவான ரோந்து விமானமே ஏற்றது. ஒலியை விஞ்சிப் பாயும் கிபிரன்று.

கிபிர்களை இன்றே தரையிறக்குக. இனி எந்த விமானத்துக்கும் ஒப்பமிடுமுன், அதன் முப்பதாண்டுப் பராமரிப்புச் செலவைப் பாதுகாப்பு அமைச்சு நாடாளுமன்றத்தின் முன் எழுத்தில் வைக்கட்டும்.