ரெண்டு விரல் இடைவெளி!

பட்டறை வாசல்

இந்த வாரம் நான் நனைஞ்ச கதை. மழையில் நனைஞ்சிருந்தால் கெத்தா சொல்லிக்கலாம். ஆனா நான் நனைஞ்சது கூரைக்குக் கீழே, கதவைச் சாத்திக்கிட்டு, படுத்த படுக்கையிலேயே! 'அடச்சீ'ன்னு தப்பா நினைக்காதீங்க பாஸ். முழுசாப் படிங்க.

சென்னைக்குத் தெற்கே ஒரு இன்ஜினீயரிங் காலேஜ். ஃபைனல் இயர் மெக்கானிக்கல் பசங்க நாலு பேர். 'அண்ணா, நாங்க ஒரு வீடு கட்டியிருக்கோம், வந்து பாருங்க'ன்னு போன் பண்ணாங்க. போய்ப் பார்த்தால் ஒர்க்‌ஷாப்புக்குப் பின்னாடி, வேப்ப மரத்தடியில், ரெண்டு சக்கரத்தின் மேல் உட்கார்ந்திருக்கு வீடு! காருக்குப் பின்னாடி கொக்கி போட்டு இழுத்துட்டுப் போற குட்டி கேம்பர் ட்ரெய்லர். முன்பக்கம் உருண்டு, பின்பக்கம் சரிஞ்சு, படுக்க வெச்ச கண்ணீர்த் துளி மாதிரி இருக்கும். பேரே 'டியர்டிராப்' ட்ரெய்லர்தான். 1930-களில் அமெரிக்காவில் பிறந்த ஐடியா. இரண்டாம் உலகப் போர் முடிஞ்சதும், வீட்டுக் கொல்லையிலேயே செய்துக்கலாம்னு அங்கே பத்திரிகைகளில் பிளான் வந்து செம ஹிட். உள்ளே ரெண்டு பேர் படுக்கலாம். உட்காரலாம். நிற்க முடியாது. அவ்வளவுதான் வீடு.

நம்ம பசங்க கணக்கு சிம்பிள். பிளைவுட் ஷீட் 8 அடிக்கு 4 அடி. அதை வெட்டாமல் பக்கச் சுவராக நிறுத்தினால் 8 அடி நீளம், 4 அடி உயரம். அகலமும் 4 அடி. மேலே அலுமினியத் தகடு, ஒரு கதவு, ஒரு ஸ்லைடிங் ஜன்னல், உள்ளே ஃபோம் மெத்தை. கைக்காசு, அப்பா காசு, ஒருத்தனோட செயின் அடகு... எல்லாம் சேர்த்து நாற்பதாயிரம் காலி.

'புராஜெக்ட் ரிவ்யூ முடிஞ்சதும் பர்மிஷன் எல்லாம் வாங்கி, கோடியக்கரைக்கு இழுத்துட்டுப் போறோம்ணா. ஃபிளமிங்கோ வர்ற சீசன்' என்றான் ஒல்லிப் பையன். பறவைப் பைத்தியம். சட்டைப் பாக்கெட்டில் பேனாவுக்குப் பதில் இன்ஹேலர். சின்ன வயசிலேயிருந்து வீசிங்காம். இந்தக் கதையில் அவனை மறந்துடாதீங்க.

முதல் ராத்திரி!

அக்டோபர் மாசம். பகலெல்லாம் வெயில் வறுத்து எடுத்தது. ராத்திரி ஒன்பதரைக்குக் கொட்ட ஆரம்பிச்சது மழை. 'செம டெஸ்ட்ணா, படுத்துப் பார்த்துடலாமா?'ன்னு டீம் லீடர் கேட்க, நானும் வீராவேசமாக உள்ளே புகுந்தேன்.

ஸ்லைடிங் ஜன்னலைத் திறந்தால் சாரல் நேரா மூஞ்சியில் அடிக்குது. சாத்தினோம். கதவையும் சாத்தினோம். தகரத்தின் மேல் மழைச் சத்தம்... ஆஹா, இளையராஜா பாட்டு மட்டும்தான் குறைச்சல்! அந்த 'ஆஹா' சரியா கால் மணி நேரம்தான் தாங்குச்சு. அப்புறம் கழுத்தில் கசகச. சட்டை முதுகில் ஒட்டுது. பதினோரு மணிக்குத் தலைக்கு மேலிருந்து ஒரு சொட்டு மூக்கில் விழுந்தது. 'டேய், ஒழுகுதுடா!' என்றேன். அவன் பதறி டார்ச் அடிச்சால் ஓட்டையே இல்லை. கூரை முழுக்க முத்து முத்தாக வேர்த்திருக்கு! ஒரு மணிக்குத் தலைவலி. கதவைத் திறந்தோம், மழை உள்ளே வந்தது. ரெண்டு மணிக்கு ரெண்டு பேரும் ஒர்க்‌ஷாப் வராண்டாவில் நியூஸ்பேப்பர் விரிச்சுப் படுத்தோம்.

அதோட முடிஞ்சிருந்தால் காமெடி. மறுநாளிலிருந்து இன்டர்னல் எக்ஸாம். அஞ்சு நாள் யாரும் ட்ரெய்லர் பக்கமே போகலை. திறந்தபோது நாறுச்சு. மெத்தையைத் தூக்கினால் பிளைவுட் முழுக்கக் கறுப்புப் புள்ளி. பூஞ்சணம்! துடைக்க உள்ளே போன ஒல்லிப் பையன் ரெண்டே நிமிஷத்தில் இருமிக்கிட்டே வெளியே ஓடி வந்து இன்ஹேலரை அழுத்தினான். வீசிங் இருக்கிறவங்களுக்குப் பூஞ்சணம் ஆகவே ஆகாது. 'நீங்க மூணு பேரும் போயிட்டு வாங்கடா, நான் போட்டோ பார்த்துக்கறேன்'னு அவன் சொன்னப்போ ஒருத்தனும் பேசலை. ரிவ்யூவுக்குப் பன்னிரண்டு நாள்தான் பாக்கி.

அண்ணே சொன்ன பாடம்

ஒர்க்‌ஷாப் அட்டெண்டர் அண்ணே ஒருத்தர், டீ கிளாஸோட வந்து ட்ரெய்லரை ஒரு சுத்து சுத்தினார். 'ஏன் தம்பி, பொட்டி நல்லாத்தான் செஞ்சிருக்கீங்க. மூச்சு விட வழி எங்க?' என்றார். அப்புறம் அவங்க அப்பா கதையைச் சொன்னார். 'எங்கப்பா லாரி ஓட்டினவரு. கேபின்ல படுத்தா எவ்ளோ மழை பெஞ்சாலும் கண்ணாடியை ரெண்டு விரல் எறக்கித்தான் வெப்பாரு. ஒரு பக்கம் இல்லப்பா, ரெண்டு பக்கமும். ஒண்ணுல வரணும், ஒண்ணுல போவணும்.'

நாலு வருஷம் தெர்மோடைனமிக்ஸ் படிச்ச கூட்டம் தலையைச் சொறிஞ்சுது. பேப்பர் எடுத்து கணக்குப் போட்டாங்க. நீங்களும் கூட வாங்க, ஈஸிதான்.

பின்பக்கச் சரிவு போக, உள்ளே சுமார் 3 கன மீட்டர் காற்று. 30 டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்று அதிகபட்சம் 30 கிராம் நீராவியைத் தாங்கும். ஆக மொத்தம் 90 கிராம். மழை ராத்திரியில் வெளிக்காற்றே ஈரம் என்பதால், கதவைச் சாத்தும்போதே 70 கிராமுக்கு மேல் உள்ளே இருக்கு. மிச்ச இடம் 20 கிராம்கூட இல்லை. தூங்குற மனுஷன் மூச்சிலும் தோலிலும் மணிக்கு 30, 40 கிராம் தண்ணீரை வெளியே விடுறான். ரெண்டு பேர்னா? கால் மணி நேரத்தில் ஹவுஸ்ஃபுல்! அதுக்கு மேல் விடுற ஆவிக்குக் காற்றில் இடம் இல்லை. மழையில் குளிர்ந்த தகட்டில் போய் ஒட்டுது, மெத்தைக்கு அடியில் இறங்குது. என் மூக்கில் விழுந்தது மழைத் தண்ணி இல்லை பாஸ். நாங்க ரெண்டு பேரும் விட்ட மூச்சு!

தலைவலி? வெக்கையும் தூக்கம் கெட்டதும் ஒரு காரணம். இன்னொண்ணு கார்பன் டை ஆக்சைடு. வெளிக்காற்றில் பத்து லட்சத்துக்கு 420 பங்கு சொச்சம்தான் இருக்கும். தூங்குறவன் மணிக்கு 12 லிட்டர் விட்டால்கூட, அந்தப் பெட்டியைக் காற்றுப் புகாமல் அடைச்சால் ஒரே மணி நேரத்தில் 8,000 பங்கைத் தாண்டிடும். அமெரிக்காவில் தொழிற்கூடங்களுக்கு எட்டு மணி நேர வரம்பே 5,000 தான். நல்லவேளை, பசங்க செஞ்ச கதவு அவ்வளவு டைட் இல்லை!

'ஒரு ஜெனரேட்டர் வெச்சுக்கலாமா?'

மூணாவது பையன்தான் கேட்டான். 'சின்ன பெட்ரோல் ஜெனரேட்டர் இருக்குடா. ட்ரெய்லர் அடியில் வெச்சு ஏசியே ஓட்டலாம். ஜன்னலே தேவையில்லை!'

டீம் லீடர் பேசாமல் போனை எடுத்து ஒரு செய்தியைக் காட்டினான். 2024 டிசம்பரில் கேரளாவின் வடகரையில், ரோட்டோரம் நின்ன கேரவனுக்குள் ரெண்டு பேர் இறந்து கிடந்தாங்க. ஏசிக்காக ஓடின ஜெனரேட்டர் கக்கின கார்பன் மோனாக்சைடு, வண்டித் தரையில் இருந்த ஓட்டை வழியாக உள்ளே ஏறினதுதான் காரணம்னு விசாரணையில் தெரிஞ்சது. அதுக்கு நிறம் கிடையாது, வாசனை கிடையாது. ரத்தத்தில் ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கு மேல் கெட்டியாக ஒட்டிக்கும். முழிச்சிருக்கிறவனுக்குத் தலை சுத்தும், குமட்டும். எழுந்து ஓடலாம். தூங்குறவனுக்கு ஒண்ணும் தெரியாது. ஜெனரேட்டர் பேச்சு அதோட க்ளோஸ்.

கேஸ் அடுப்பும் அதே கேஸ்தான். உள்ளே டீ போட்டால் அந்த விஷவாயு பயம் ஒரு பக்கம். இன்னொரு பக்கம், ஒரு கிலோ கேஸ் எரிஞ்சால் ஒன்றரைக் கிலோவுக்கு மேல் தண்ணீர் ஆவியாக வரும். அந்த ஆவியும் சேர்ந்து கூரையில்தான் வேர்க்கும். 'டீ வெளியே, தூக்கம் உள்ளே'ன்னு ரூல் போட்டாங்க.

பெட்டிக்கடை ஜன்னல்

அடுத்த பத்து நாள் பசங்க வேலை பார்த்ததே தனி அழகு. முதலில் ஸ்லைடிங் ஜன்னலைத் தூக்கிக் கடாசினாங்க. பெட்டிக்கடைப் பலகை பார்த்திருக்கீங்கல்ல? மேலே கீல், கீழேயிருந்து தூக்கி ஒரு குச்சி முட்டுக் கொடுத்தால் அதுவே கூரை மாதிரி நிற்கும். அதே டிசைனில் ரெண்டு பக்கமும் ஒவ்வொரு ஜன்னல். மழை பெய்தாலும் திறந்தே வைக்கலாம். கொசுவலை போட்டால் காற்று குறையும் என்பதால், ஜன்னல் ஓட்டையைக் கணக்கைவிடப் பெருசா வெட்டினாங்க.

சூடான காற்று மேலே போகும்ல? அதுக்காகக் கூரையின் உயரமான இடத்தில் ஒரு ஓட்டை, சாரல் புகாமல் மேலே தகரத் தொப்பி. ஆனால் நாலடிப் பெட்டியில் காற்று தானாக ஏறி வெளியே போகும்னு நம்பி இருக்க முடியாது. தள்ளி விடணும். அதுக்கு பழைய கம்ப்யூட்டரில் இருந்து கழற்றின 12 வோல்ட் ஃபேன், காற்றை வெளியே தள்ளுற மாதிரி திருப்பி மாட்டினாங்க. அது இழுக்கிற கரன்ட் 0.2 ஆம்பியர்தான். எட்டு மணி நேரம் ஓடினாலும் 1.6 ஆம்பியர் அவர். பைக் பேட்டரியே தாங்கும்! வலை, தொப்பி எல்லாம் தாண்டி நிமிஷத்துக்கு 20 கன அடி தள்ளினால்கூட, அஞ்சு நிமிஷத்துக்கு ஒருமுறை மொத்தக் காற்றும் புதுசு.

இதில் ஒரு சூட்சுமம் இருக்கு. ஃபேன் வெளியே தள்ளினால், வேற வழியாகக் காற்று உள்ளே வந்தே ஆகணும். எந்த ஜன்னல் திறந்திருக்கோ அந்த வழியாத்தான் வரும். ஃபேன் காலடிப் பக்கம் இருந்தால், தலைமாட்டு ஜன்னலைத் திற. காற்று உன் மேல் தவழ்ந்துட்டுப் போகும். ஃபேனுக்குப் பக்கத்தில் இருக்கிறதைத் திறந்தால் அங்கேயே உள்ளே வந்து அங்கேயே வெளியே போயிடும், உனக்கு அல்வா! ஜெனரேட்டர் வேண்டாம்னு சொன்னதுக்கும் இதே காரணம்தான். வண்டிக்கு அடியில் புகை இருந்தால், ஃபேன் அதையும் சேர்த்து உள்ளே இழுத்துடும்.

கடைசியாக, பூஞ்சணம் பிடிச்ச பலகையை மாற்றி, மெத்தைக்குக் கீழே ரீப்பர் கட்டைகளை இடைவெளி விட்டு அடிச்சாங்க. அடியிலும் காற்று ஓடணுமே!

ரெண்டாவது ராத்திரி

ரிவ்யூவுக்கு முந்தின நாள் மறுபடி மழை. இந்த முறை உள்ளே படுத்தது டீம் லீடரும் ஒல்லிப் பையனும். 'வேணாம்டா'ன்னு எல்லாரும் சொன்னோம். 'கதவு கையெட்டுற தூரத்துலதான் இருக்கு. இன்ஹேலர் தலைமாட்டுல இருக்கு. நான் படுக்காம எப்படிடா ரிசல்ட் எழுதுவீங்க?' என்றான். நாங்க மூணு பேரும் வராண்டாவில் முழிச்சுக்கிட்டே உட்கார்ந்திருந்தோம்.

ஜில்லுனு இருந்துச்சா? இல்லை மக்களே, பொய் சொல்ல மாட்டேன். தெர்மாமீட்டரில் வெளியே 27, உள்ளே 29. ஜன்னலும் ஃபேனும் வெளிக்காற்றைத்தான் கொண்டு வரும், அதைவிடக் குளிர்ச்சியாக்காது. ஓரத்தில் கொஞ்சம் ஈரமும் இருந்தது. ஆனா சொட்டலை. மெத்தை அடியில் கை வெச்சால் காய்ஞ்சிருந்தது.

காலையில் ஏழு மணி வரைக்கும் ஒல்லிப் பையன் எழவே இல்லை. பயந்து போய்க் கதவைத் தட்டினேன். கண்ணைக் கசக்கிக்கிட்டு, 'என்னண்ணா, அதுக்குள்ள விடிஞ்சிடுச்சா?' என்றான். 'இன்ஹேலர் எடுத்தியாடா?' 'எடுத்து வெச்சேன்ணா. தேவைப்படலை.'

அட்டெண்டர் அண்ணே டீ கிளாஸோட தூரத்தில் நின்னு ரெண்டு விரலைக் காட்டினார். ஜெயிச்சதுக்கான 'வி'யா, கண்ணாடி அளவான்னு நான் கேட்டுக்கலை!

நோட் பண்ணுங்க பாஸ்!

* வழி ரெண்டு வேணும். ஒண்ணு வர, ஒண்ணு போக. முடிஞ்சால் எதிரெதிரே. வெளியே போற வழி உயரத்தில்.

* ஈரச் சட்டை, ரெயின்கோட், ஷூ எதுவும் உள்ளே வரக் கூடாது. வெளியே ஒரு தார்ப்பாய் கட்டி அங்கேயே தொங்க விடுங்க.

* பகலில் மர நிழல் நல்லது. மழை, காற்று நேரத்தில் மரத்தடி ஆபத்து, கிளை விழலாம். வெட்டவெளியில் நிறுத்துறதா இருந்தால் கூரைக்கு வெள்ளை பெயின்ட்.

* காலையில் எழுந்ததும் மெத்தையைத் தூக்கி நிறுத்துங்க. வெயில் வந்தால் கதவு, ஜன்னல் எல்லாத்தையும் திறந்து போடுங்க. பல நாள் சாத்தியே வைக்காதீங்க.

* உள்ளேயோ, அடியிலோ, ஜன்னலுக்குப் பக்கத்திலோ ஜெனரேட்டர், அடுப்பு, கரி, கொசுப் புகை எதுவும் வேண்டாம். டூர் போற இடத்தில் கார் இன்ஜினை ஓட விட்டு ஏசி போட்டுத் தூங்குறதும் அதே கணக்குதான். பேட்டரியில் ஓடும் கார்பன் மோனாக்சைடு அலாரம் கிடைக்குது, ஒண்ணு வாங்கி மாட்டுங்க.

'எங்ககிட்ட ட்ரெய்லரே இல்லையே'ன்னு கேட்கறீங்களா? நாலு பேர் படுக்கிற உங்க ஹாஸ்டல் ரூம், ஒரே ஜன்னல் இருக்கிற மேன்ஷன் ரூம், ஜட்டி பனியனெல்லாம் உள்ளேயே கொடி கட்டிக் காயப்போட்ட மொட்டை மாடி ரூம்... எல்லாம் சக்கரம் இல்லாத ட்ரெய்லர்தான் பாஸ்! இன்னிக்கு ராத்திரி மழை வந்தால் எல்லாத்தையும் இழுத்து மூடுறதுக்கு முன்னாடி ரெண்டு விரலை ஞாபகம் வெச்சுக்கோங்க.

கோடியக்கரை போட்டோ வந்ததும் காட்டுறேன். அடுத்த வாரம் வேற பட்டறை, வேற கூட்டம். வர்ட்டா!