பார்வை காட்டிப் பிடித்தல்

மயிலாடக் கண்டு தானும் ஆட முயன்ற வான்கோழியை, மூதுரை படித்த பிள்ளைகள் எல்லாரும் அறிவர். கல்லாதவன் கவிபாட முற்படுவதற்கு ஔவையார் அதனை உவமையாக்கினார். அன்றுதொட்டு, வான்கோழிக்கு ஆடத் தெரியாது என்ற பெயர் நம்மவரிடையே நிலைத்துவிட்டது.

ஆயின், நாம் இன்று வான்கோழி என்று வழங்கும் பறவையின் பிறந்தகம் வட அமெரிக்கா. அந்நாட்டுக் காடுகளில் இளவேனிற் காலத்து விடியலிற் சென்று பார்ப்பவர் அப்பெயரை மாற்றிக்கொள்வர். ஆண் வான்கோழி வாற்சிறகை விசிறியாய் விரித்து, மார்பை நிமிர்த்தி, இறக்கை நுனி நிலத்தில் உரச அடிமேல் அடிவைத்து ஆடும். அதன் மொட்டைத் தலை சிவக்கும், வெளுக்கும், நீலம் பாயும். இத்தனையும் எங்கோ நின்று பார்க்கும் ஒரு பேட்டின் பொருட்டு.

அந்த ஆட்டத்தையே அதன் உயிருக்கு வலையாக்குவது இளவேனில் வான்கோழி வேட்டை. அதனைப்பற்றிச் சிறிது சொல்லி, அங்கிருந்து நமது குருநகர்க் கரைக்கு வருவோம். காட்டுப் பறவைக்கும் கடற்கரைக்கும் தொடர்பு யாதென வினவுவோர் சற்றே பொறுத்தருள்க.

பேட்டின் குரல்

வான்கோழி இரவிலே மரத்தில் உறங்கும். விடியுமுன், கீழே இறங்குவதற்கு முன்னரே, சேவல் உரக்கக் கொக்கரித்துத் தன் இருப்பிடத்தை அறிவிக்கும். வேடன் இருளோடு காட்டுக்குட் புகுந்து அக்குரலுக்காகக் காத்திருப்பான். சேவல் வாய்திறவாதிருந்தால் அவன் ஆந்தைபோல அலறுவான். திடீரென எழுந்த ஓசைக்குச் சேவல் தன்னையறியாமலே மறுகுரல் கொடுத்துவிடும். இருந்த இடம் தெரிந்துவிட்டது.

பின்னர் வேடன் ஒரு பருத்த மரத்தில் முதுகைச் சாய்த்து அமர்வான். உடை, முகமூடி, கையுறை எல்லாம் இலை நிறம். வான்கோழியின் கண் மிகக் கூரியது. விரல் அசைந்தாலும் அது கண்டுகொள்ளும். முன்னே சிறிது தொலைவில், பேடுபோலச் செய்த பொய்ப்பறவை ஒன்று நாட்டப்பட்டிருக்கும். கையிலே குரற்கருவி. மரப்பெட்டியின் மூடியைச் சுண்ணக்கட்டி பூசி உரசுவது ஒருவகை; கற்பலகையிற் குச்சியைத் தேய்ப்பது ஒருவகை; நாவின்மேல் மெல்லிய சவ்வை வைத்து ஊதுவது இன்னொரு வகை. அமெரிக்கப் பழங்குடி மக்கள் வான்கோழியின் சிறகெலும்பையே குழலாக்கி அதன் இனத்தை அழைத்தனர்.

இவ்வேட்டையின் நுட்பம் ஒன்றுண்டு. இயற்கை முறையிலே சேவல் நின்று கூவும். பேடு அதனை நாடிச் செல்லும். வேடனோ முறையை மாற்றுகிறான். பேட்டின் குரலில் அழைத்துச் சேவலை வரச்சொல்கிறான். ஆகவே அது ஐயுற்று நிற்கும், சிறிது வரும், மீண்டும் நின்று ஆடிக்காட்டும். அதிகமாய்க் கூப்பிட்டால் சேவல் நின்ற இடத்திலேயே நின்றுவிடும். கூப்பிட்டபின் வாய்மூடி இருக்கக் கற்றவனே வெல்வான். மனிதரிடையேயும் இதற்கு எடுத்துக்காட்டு வேண்டின் நேயர்கள் தேடிக்கொள்ளலாம்.

நம் மொழியில் ஒரு சொல்

இத்தகைய வேட்டை நமக்குப் புதிதன்று. காட்டு விலங்கைக் கவர்வதற்காகப் பழக்கிக் கட்டிவைக்கும் விலங்குக்கும் பறவைக்கும் தமிழிலே ‘பார்வை’ என்று பெயர். பத்துப்பாட்டுள் ஒன்றாகிய பெரும்பாணாற்றுப்படை, எயினர் குடிசையின் முன்றிலில், விளாமர நிழலில், பார்வை மான் கட்டப்பட்டிருந்ததைக் கூறுகிறது. தன்னினத்தைக் கண்டு தயங்காது வரும் மானுக்கு, அந்த இனமே யமனாயிற்று.

தமிழ்நாட்டிலே கௌதாரி பிடிப்போரும் இம்முறையையே கையாண்டனர். பழக்கிய கௌதாரியைக் கூட்டில் அடைத்துப் புதரோரம் வைத்துச் சுற்றிலும் கண்ணி விரிப்பர். கூட்டிலுள்ளது கூவும். தன் எல்லைக்குள்ளே அயலான் குரல் கேட்ட காட்டுக் கௌதாரி, சினந்து சண்டைக்கு வரும்; கண்ணியில் மாட்டும். இந்தியாவில் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இதனைக் குற்றமாக்கிற்று. நமது வன்னிக் காடுகளிலும் இதுபோன்ற தந்திரம் இருந்தது. காட்டுச்சேவல் சிறகடித்துச் சவால்விடும் ஓசையை, மடித்த துணியாலோ கையாலோ தொடையில் அடித்து எழுப்புவர். எதிரி வந்தானென்று ஓடிவரும் சேவல், எதிரியைக் காணாது துவக்கைக் காணும்.

தாராவுக்கோ வேறொரு தந்திரம். அமெரிக்காவில் நெவாடா மாநிலத்து லவ்லொக் குகையிலே, 1924ஆம் ஆண்டில், கோரையால் முடைந்த 11 பொய்த் தாராக்கள் அகப்பட்டன. அவை ஏறக்குறைய 2,000 ஆண்டுப் பழமையுடையன. நீரில் மிதக்கும் அவற்றைக் கண்டு, மேலே பறக்கும் கூட்டம் சுற்றத்தார் இருக்குமிடம் அச்சமற்றது என்று நம்பி இறங்கும்.

இவற்றையெல்லாம் ஒருங்கே வைத்து நோக்கின் ஓர் உண்மை புலப்படும். தூண்டில் பிடிப்பது உயிரின் பசியை. பார்வை பிடிப்பதோ அதன் நெஞ்சை. வான்கோழியின் காதலும், கௌதாரியின் மானமும், தாராவின் சுற்றப் பற்றுமே அவற்றுக்குக் கண்ணியாகின்றன. எந்தக் குணத்தால் ஓர் இனம் வாழ்கிறதோ, அந்தக் குணத்தாலேயே அது பிடிபடுகிறது. ஆகவே, பசிக்கு இரை காட்டிப் பிடிப்பவனிலும் பார்வை காட்டிப் பிடிப்பவனுக்குக் கடமை பெரிது. அவன் கைவைப்பது இனத்தின் வேரிலே.

குருநகர்க் கரையிலே

இனிக் குருநகருக்கு வருவோம். யாழ்ப்பாண நகரின் தென்புறத்தே, கடனீரேரியை நோக்கி அமைந்த இம்மீனவர் ஊருக்குக் கரையூர் என்பது பழம்பெயர். புனித யாகப்பர் ஆலயத்தைச் சூழ்ந்த ஒழுங்கைகளில் வலையும் வள்ளமும் இன்றி வாழ்க்கை இல்லை. இறால், நண்டு, மீனோடு இங்கே கரைசேரும் பொருள்களில் ஒன்று கணவாய். கறிக்கும் பொரியலுக்கும் ஒடியற்கூழுக்கும் அதனை நாடாத வீடு யாழ்ப்பாணத்தில் அரிது. கரையில் ஒதுங்கும் கணவாய் ஓட்டைப் பொறுக்கி விளையாடாத பிள்ளையும் அரிது.

இந்தக் கணவாயைப் பிடிக்க நமது வடகரையிற் பல இடங்களிலும் வழங்கும் முறை, ‘குழை’ வைத்துப் பிடித்தல். இலையும் கிளையுமாய் வெட்டிய மரக்குழையைக் கூட்டினுள்ளே கட்டிக் கடலில் இறக்குவர். கூட்டினுள் இரை வைப்பதில்லை. கணவாய்க்கு வேண்டியது இரையன்று. அது முட்டையிடப் பற்றுக்கோடு தேடி வருகிறது. கடற்புல், பவளக்கொடி, முறிந்த கிளை ஆகிய ஏதேனும் ஒன்றிலே தன் முட்டைகளை ஒட்டிவைப்பது கணவாயின் இயல்பு. ஓட்டுக் கணவாயின் முட்டை திராட்சைக் குலைபோலத் தொங்கும். வேறு கணவாயின் முட்டை விரல் போன்ற வெண்ணிற உறைகளில் இருக்கும். நல்ல குழை கிடைத்ததென்று உள்ளே புகுந்த பெண்ணும், அதனைத் தொடர்ந்து வந்த ஆணும் கூட்டில் அகப்படும்.

காதலையும் மானத்தையும் சுற்றத்தையும் முன்னே கண்டோம். இங்கே பார்வையாய் நிற்பது தாய்மை.

மத்தியதரைக் கடலோரத்து மீனவர் இளவேனிலிலே பெண் கணவாய் ஒன்றைக் கயிற்றிற் கட்டி நீரில் மெல்ல இழுத்துச் செல்வர். ஆண்கள் அதனைப் பற்றிக்கொண்டு விடாமல் வள்ளம்வரை வந்துவிடும். பேட்டின் குரலுக்கு வரும் வான்கோழிக்கும் இதற்கும் வேறுபாடில்லை. கிரேக்க அறிஞர் அரிஸ்தோத்தில் தமது விலங்கு நூலிலே, பெண் கணவாய் சூலத்தாற் குத்துண்டால் ஆண் உதவிக்கு நிற்குமென்றும், ஆண் குத்துண்டால் பெண் ஓடிவிடுமென்றும் எழுதிவைத்தார். பெண்ணின்மேற் குற்றஞ்சொல்ல இதனை எடுத்தாள்வோர் பொறுக்குக: முட்டையைச் சுமப்பது அவள். அவள் தப்பினாற்றான் இனம் தப்பும்.

வான்கோழி மீண்ட கதை

இங்கேதான் அமெரிக்க வான்கோழியின் கதை நமக்குப் பாடமாகிறது. அந்நாட்டார் ஒருகாலத்தில் ஆண், பெண், பருவம் என்ற வேறுபாடின்றி அதனைச் சுட்டுத் தள்ளினர், காட்டையும் அழித்தனர். கனெற்றிக்கற் மாநிலத்தில் 1813ஆம் ஆண்டளவிலேயே அது இல்லையாயிற்று. 1920ஆம் ஆண்டளவில், அது முன்பு வாழ்ந்த 39 மாநிலங்களுள் 18இல் அற்றுப்போயிற்று.

பின்னர் அவர்கள் விழித்துக்கொண்டனர். 1937ஆம் ஆண்டில் வேட்டைத் துவக்குக்கும் தோட்டாவுக்கும் விதித்த வரிப்பணத்தை வனவிலங்குகளுக்கே செலவிடச் சட்டம் செய்தனர். நமது இலங்கையின் வனவிலங்கு தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் பிறந்ததும் அதே 1937இலே என்பது மாணவர் நினைவில் வைக்கத்தக்கது. முதலிற் பண்ணையில் வளர்த்த வான்கோழிகளைக் காட்டில் விட்டுப் பார்த்தனர். தாயிடம் பாடம் படியாத அவை காட்டில் நிலைக்கவில்லை. 1951ஆம் ஆண்டு முதல், வெடியால் வீசும் வலைகொண்டு காட்டுப் பறவைகளையே உயிரோடு பிடித்து, அவை அற்றுப்போன இடங்களிற் குடியேற்றினர். இன்று அவற்றின் தொகை 60 இலட்சம் அளவில் நிற்கிறது.

வேட்டை ஒழியவில்லை, முறைப்பட்டது. இளவேனிலிலே மார்பில் ‘தாடி’ தொங்கும் பறவையை மாத்திரமே சுடலாம். அஃதாவது பெரும்பாலும் சேவலை. ஒரு சேவல் பல பேடுகளைக் கூடும். முட்டையிட்டு 28 நாள் அடைகாப்பதும், குஞ்சை வளர்ப்பதும் பேட்டின் வேலை. ஆகவே, கூடும் பருவத்தின் உச்சம் கழிந்தபின் சேவல் சில குறைந்தாலும் கூடு வெறுமையாகாது. அண்மை ஆண்டுகளில் தென்கிழக்கு மாநிலங்களில் வான்கோழி குறைவதைக் கண்டு, சில மாநிலங்கள் வேட்டைத் தொடக்கத்தை இன்னும் பிற்படுத்தின. அலபாமா மாநிலம் 2022இல் பருவத்தின் முதற் பத்து நாட்களுக்குப் பொய்ப்பறவை வைப்பதையே தடுத்தது. பார்வையின் வலிமையை உணர்ந்தவர்கள் அதற்கு ஓர் எல்லையும் கட்டினர்.

நமது கூட்டை நோக்குவோம். அங்கே சேவலைத் தெரிந்தெடுக்க வழியில்லை. உள்ளே வருவது முட்டைத் தாய். கணவாயின் ஆயுளோ ஓராண்டு, ஈராண்டு. முட்டையிட்டபின் அது நெடுநாள் வாழ்வதில்லை. அடுத்த ஆண்டின் விளைவு முழுவதும் இவ்வாண்டின் முட்டையிலே தங்கியிருக்கிறது. தாயைப் பிடிப்பதோடு, கூட்டிலும் குழையிலும் அவள் ஒட்டிய முட்டைகளும் வெயிலிற் காய்ந்து குப்பையாய்ப் போகுமாயின், முதலையும் வட்டியையும் ஒருங்கே உண்டவராவோம். குழைக்கென்று கரையோர மரங்களை வெட்டுதல் இன்னொரு நட்டம்.

கடற்றொழிலை நம்பி அடுப்பு மூட்டும் குடும்பத்திடம், கூட்டைக் கரையில் ஏற்றிவிடுக என்று கூற நாம் துணியோம். அவர்களினும் கடலை அறிந்தவர் எவர்? ஆயினும் ஒன்று செய்யலாம். முட்டை ஒட்டிய குழையைக் கரைக்குக் கொணர்ந்து எறியாமல், அவிழ்த்து அமைதியான நீரிலே மீளக் கட்டிவிடலாம். முட்டை பொரிக்கச் சில வாரங்களே வேண்டும். செலவு ஒரு முழக் கயிறு. கூட்டைத் தூக்கும்போது முட்டை மிகுந்திருக்கக் கண்டால், அக்கூட்டைச் சில நாள் நீரிலேயே விடுவதும் ஒரு முறை. கூட்டுறவுச் சங்கங்கள் கூடிப் பேசி இவற்றை வழக்கமாக்கலாம். பாடசாலை மாணவர்கள் இத்தகைய முட்டைக்குலையொன்றைக் கடல்நீர்த் தொட்டியில் இட்டு, உறைக்குள்ளே மைப்பையும் கண்ணுமாய்க் குஞ்சு வளர்வதை நாள்தோறும் பார்த்து எழுதிவைத்து, பொரித்தபின் கடலில் விடுவார்களாயின், விலங்கியற் பாடம் புத்தகத்தை விட்டுக் கரைக்கு வந்ததாகும்.

தாயென்று நம்பி வந்ததைப் பிடித்தோம். அவள் விட்டுச்சென்ற பிள்ளைகளையாவது கடலுக்குத் திருப்பிக் கொடுப்போம். அடுத்த ஆண்டும் கூட்டுக்குக் கணவாய் வரவேண்டுமன்றோ?